கெட்டிலுக்கு எப்படித் தெரிகிறது?

மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, பித்தானைத் தட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். தண்ணீர் கொதித்ததும் ‘டக்’ என்று தானே அணைந்துவிடுகிறது. கொதித்துவிட்டது என்று கெட்டிலுக்கு எப்படித் தெரிகிறது? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “நூறு டிகிரி வந்தா ஆஃப் ஆயிடும்.”

இந்தப் பதில் சரிதானா என்று பார்க்க ஆய்வகம் எதுவும் வேண்டாம். சேலம் சூரமங்கலத்து வீட்டில் இருக்கும் கெட்டிலை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினால் போதும். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்போம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் அதற்கு மேல் ஒரு டிகிரிகூட ஏறாது. கெட்டில் நூறு டிகிரிக்குத்தான் காத்திருக்கிறது என்றால் ஏற்காட்டில் அது அணையவே கூடாது. ஆனால் அணைகிறது. சூரமங்கலத்தில் எப்படி அணைந்ததோ அப்படியே.

அதைவிட வியப்பான விஷயம், சூரமங்கலத்திலேயே தண்ணீர் நூறைத் தொடுவதில்லை. சேலம் சமவெளி என்றாலும் கடல்மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே கொதிநிலை 99 டிகிரி. ஆக நம் கெட்டில் வாங்கிய நாளிலிருந்து நூறு என்ற எண்ணைப் பார்த்ததே இல்லை. பிறகு எதைப் பார்த்து அணைகிறது?

காற்றைத் தள்ளும் ஆவி

தண்ணீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்பதில்லை. கொடியில் காயும் துணியிலிருந்தும் ஆவி போய்க்கொண்டேதான் இருக்கிறது. சூடு ஏற ஏற ஆவி வெளியே தள்ளும் விசை கூடுகிறது. இதை ஆவியழுத்தம் என்போம். 80 டிகிரியில் இந்த ஆவியழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும். தண்ணீருக்குள் எங்காவது ஒரு ஆவிக்குமிழி உண்டாகப் பார்த்தாலும் மேலிருந்து அழுத்தும் காற்று அதை நசுக்கிவிடும்.

சூடு இன்னும் ஏறி, ஒரு கட்டத்தில் ஆவியழுத்தமும் காற்றழுத்தமும் சமமாகின்றன. அப்போது குமிழிகளை யாரும் நசுக்க முடியாது. அடியிலிருந்து கிளம்பி, மேலே வந்து, உடைந்து ஆவியைக் கொட்டுகின்றன. கொதித்தல் என்பது இந்தச் சமநிலைதான். எத்தனை டிகிரியில் சமமாகும் என்பது அந்த ஊரில் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். அதனால் 95 டிகிரியிலேயே ஆவி ஜெயித்துவிடுகிறது.

காது கொடுத்துக் கேட்டால் இந்தப் போட்டியே கேட்கும். கெட்டில் போட்ட சில நிமிடங்களில் ஓர் இரைச்சல் கிளம்புகிறதே, அது கொதிக்கும் சத்தம் அல்ல. சூடான அடித்தகட்டில் பிறந்த குமிழிகள் சற்று மேலே வந்து, இன்னும் சூடேறாத தண்ணீரில் பட்டு, சட்டென்று சுருங்கி மடியும் சத்தம். உண்மையில் கொதிக்கத் தொடங்கியதும் இரைச்சல் தணிந்து களகளவென்று ஆகிவிடும். இரைச்சல் தணிந்த கொஞ்ச நேரத்தில் ‘டக்’.

கைப்பிடிக்குள் ஒரு சிறு வழி

கெட்டில் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கைப்பிடி இருக்கும் பக்கம், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சிறு துளையோ சல்லடை போன்ற சில துளைகளோ இருக்கும். அங்கிருந்து ஒரு குறுகிய வழி கைப்பிடிக்குள் இறங்கி, பித்தானுக்குப் பக்கத்தில் முடிகிறது. முடியும் இடத்தில் காசு அளவில் ஒரு மெல்லிய உலோக வில்லை காத்திருக்கிறது.

தண்ணீர் கொதிக்காத வரை அந்த வழி முழுக்கச் சாதாரணக் காற்றுதான். தண்ணீர் 90 டிகிரியில் இருந்தாலும் ஆவிக்கு அந்தக் காற்றைத் தள்ளி வெளியேற்றும் பலம் கிடையாது, வில்லை சூடாவதில்லை. கொதித்த கணத்தில் ஆவிக்கு அந்தப் பலம் வந்துவிடுகிறது. மூடி அடைத்திருப்பதால் ஆவி அந்த வழியாகப் பாய்ந்து, காற்றை வெளியே தள்ளி, வில்லையின்மேல் போய் மோதுகிறது.

மோதிய ஆவி அங்கே மீண்டும் தண்ணீராகிறது. அப்போது பெரும் வெப்பத்தைக் கொட்டுகிறது. தண்ணீர் ஆவியாகும்போது, டிகிரி ஏறாமலேயே ஏராளமான வெப்பத்தை உள்ளே வாங்கி ஒளித்துக்கொள்கிறது; ஆவி திரும்பத் தண்ணீரானதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஒளிந்திருக்கும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1760-களின் தொடக்கத்தில் இதைக் கண்டு சொன்னவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். அவர் இந்த அத்தியாயத்தில் இன்னொரு முறையும் வருவார், அதுவும் சேலத்துக்குப் பக்கத்தில்.

வில்லையில் இரண்டு உலோகங்கள் முதுகோடு முதுகாக ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று சூட்டில் அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். பிரிய முடியாது என்பதால் வளைந்துதான் ஆக வேண்டும். இதை ஈருலோகத் தகடு என்று சொல்லலாம். நடுவில் சற்றே குழிந்த வில்லையாகச் செய்திருப்பதால் மெல்ல மெல்ல வளையாது; குழந்தைகள் தகர மூடியின் நடுவை அழுத்தி விளையாடும்போது குழி மேடாவதுபோல, ஒரே புரட்டில் மறுபக்கம் திரும்பிவிடும். நாம் கேட்கும் ‘டக்’கின் தொடக்கம் அந்தப் புரட்டுதான். அது பித்தானைத் தள்ள, மின்சாரம் நின்றுவிடுகிறது. வில்லை புரளும் வெப்பநிலை நூறுக்கு நன்றாகக் கீழே வைக்கப்பட்டிருக்கும். 99 டிகிரி ஆவி பட்டாலும் புரளும், 95 டிகிரி ஆவி பட்டாலும் புரளும். ஏற்காட்டுப் புதிருக்கு விடை இதுதான்: கெட்டில் தண்ணீரின் சூட்டை அளப்பதே இல்லை. காற்றைத் தள்ளிவிட்டு வரும் பலம் ஆவிக்கு வந்துவிட்டதா என்று மட்டுமே பார்க்கிறது. ஊருக்கு ஊர் மாறாத அடையாளம் அது.

ஈருலோகத் தகடு சமையலறைக்கு வந்த வழி விசித்திரமானது. கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணிக்கத் துல்லியமான கடிகாரம் தேவைப்பட்ட காலத்தில், ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயத் தச்சர் மகன் தன் மூன்றாவது கடல் கடிகாரத்துக்காக 1740 முதல் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார். வெயிலிலும் குளிரிலும் கடிகாரம் பிசகாமல் ஓட, பித்தளையையும் எஃகையும் சேர்த்து அவர் செய்த தகடுதான் முதல் ஈருலோகத் தகடு. 1955-இல் இங்கிலாந்தின் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் ஆவி பட்டு அணையும் கெட்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் இந்தச் சிறு வில்லைகளை உலகமெங்கும் கெட்டில்களுக்குள் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் ஜான் டெய்லர். கெட்டிலை எந்தப் பக்கமாகவும் திருப்பி வைக்கலாம் என்ற இன்றைய வட்ட அடித்தட்டும் அவர் கைவரிசைதான். ஹாரிசன் மேல் தீராத மதிப்புக் கொண்ட இவர், கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரிச் சுவரில் 2008-இல் ஒரு பெரிய பொன்னிறக் கடிகாரம் நிறுவினார். அதன் உச்சியில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்து வினாடிகளைத் தின்னும். ஹாரிசன் தன் கடிகாரங்களில் வைத்த ஒரு பாகத்துக்கு வெட்டுக்கிளி என்று பெயர்.

ஒரு லிட்டர், இரண்டு ஊர்

இப்போது அதே கெட்டிலை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 1500 வாட் கெட்டில். அதாவது வினாடிக்கு 1500 ஜூல் வெப்பம் தரும். ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 4200 ஜூல் வேண்டும்.

சூரமங்கலத்தில் குடத்துத் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 99-ஐ எட்ட 71 டிகிரி ஏற வேண்டும். 71-ஐ 4200-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,98,000 ஜூல். வினாடிக்கு 1500 வீதம் 199 வினாடி; மூன்று நிமிடம் இருபது வினாடி. கெட்டிலின் உடம்பு சூடாவதற்கும் காற்றில் போவதற்கும் சேர்த்தால் மூன்றே முக்கால் நிமிடம் என்று கொள்ளலாம்.

ஏற்காட்டில் கொதிநிலை குறைவு, ஆகவே சீக்கிரம் கொதிக்கும் என்று தோன்றும். ஆனால் அங்கே குழாய்த் தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும். 20 டிகிரியில் தொடங்கினால் 95-க்குப் போக 75 டிகிரி ஏற வேண்டும். 210 வினாடி. மலைமேல் சில வினாடி கூடவே ஆகிறது.

மின்சாரச் செலவு? 2,98,000 ஜூல் என்பது 0.083 யூனிட். வீணாவதையும் சேர்த்து 0.09 என்று வைத்தால், ஒரு யூனிட்டில் பதினோரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும். கெட்டில் மின்சாரத்தைக் குடிக்கிறது என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டு டம்ளர் காப்பிக்கு ஒன்றரை லிட்டர் கொதிக்கவைத்தால்தான் அந்தப் பயம் நியாயம்.

வோல்டேஜ் குறைந்தால் கணக்கு மாறிவிடும். வெப்பம் வோல்டேஜோடு நேராகக் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். கோடைச் சாயங்காலத்தில் 230 வோல்ட் 200-ஆக இறங்கினால் கெட்டிலின் வெப்பம் முக்கால் பங்காகிவிடும். மூன்றே முக்கால் நிமிடம் ஐந்து நிமிடமாகும். கெட்டில் பழுதாகிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம்.

இன்னும் ஓர் எண். ஒரு லிட்டர் தண்ணீரை முழுக்க ஆவியாக்க 22,60,000 ஜூல் வேண்டும். கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆனதைப் போல ஏழரை மடங்கு! பிளாக் சொன்ன ஒளிந்த வெப்பம் எவ்வளவு பெரியது என்பது இதில் தெரிகிறது. இந்த எண்ணுக்குக் கெட்டில் பயன்படுத்துவோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் அர்த்தமும் உண்டு.

மூடி திறந்திருந்தால், பால் ஊற்றினால்

மூடி சரியாக அடையாவிட்டால் ஆவி சுலபமான வழியாக மேலே போய்விடும். கைப்பிடி வழியாக இறங்காது. வில்லைக்குச் செய்தி போகாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த 22,60,000 ஜூலை 1500-ஆல் வகுத்தால், ஒரு லிட்டரும் வற்ற சுமார் 25 நிமிடம். அதற்குப் பிறகு காப்பாற்றுவது அடித்தகட்டின் கீழே ஒட்டியிருக்கும் இரண்டாவது வில்லை. தண்ணீர் இல்லாமல் தகடு அளவுக்கு மீறிச் சூடானால் அது புரண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும். அது ஆபத்துக் காலத்துக்கானது. தினமும் அதை நம்பக் கூடாது.

நிரப்பும் அளவுக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் வேறு சிக்கல். கொதிக்கும் தண்ணீர் ஆவித் துளைக்குள் தளும்பும், மூக்கு வழியாகவும் தெறிக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் கெட்டில் கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் பால். டீ என்றால் நமக்குப் பாலும் தூளும் சேர்ந்து கொதித்தது. எனவே கெட்டிலிலேயே பாலை ஊற்றிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. பால் சுமார் 70 டிகிரியைத் தாண்டும்போது அதன் புரதங்கள் உருக்குலைந்து சூடான பரப்பில் ஒட்டத் தொடங்கும். கெட்டிலின் அடித்தகடு சிறியது, அதன்மேல் 1500 வாட்டும் ஒருசேர இறங்குகிறது. அடுப்பில் வைப்பதுபோல் தீயைக் குறைக்க வழியில்லை. ஒட்டிய படலம் கருகும், கருகிய படலம் வெப்பத்தைத் தடுக்கும், தகடு இன்னும் சூடாகும். மேலே அதே புரதங்கள் குமிழிகளை உடையவிடாமல் தாங்கிப்பிடிக்க, நுரை பொங்கி ஆவித் துளைக்குள் புகும். உள்ளே போன பால் காய்ந்து வழியை அடைத்துவிட்டால், அடுத்த நாள் வெறும் தண்ணீர் வைத்தாலும் கெட்டில் அணையாது. உள்ளே கை விட்டுக் கழுவவும் முடியாத இடம் அது. பாலுக்குக் கெட்டில் வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்கல் ஊரில் வெள்ளைப் படிவு

சேலத்துக்கு வடக்கே கருப்பூர் பக்கம் போனால், வெளுத்துக் கிடக்கும் கரடுகள் தெரியும். மக்னசைட் என்னும் வெள்ளைக்கல் எடுக்கும் சுரங்கப் பகுதி அது. அந்தக் கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு பிரிந்துபோய், மக்னீசியா என்ற வெள்ளைப் பொருள் மிஞ்சும். மக்னீசியா மிகப் பெரிய சூட்டையும் தாங்கும். உருக்காலை உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்கு அதுதான் ஏற்றது.

கெட்டிலின் அடித்தகட்டுக்கு அடியில் ஒரு உலோகக் குழாய் வளைந்து கிடக்கிறது. அதற்குள் நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிச் சுருள். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே இறுக்கித் திணிக்கப்பட்டிருக்கும் வெள்ளைத் தூள் அதே மக்னீசியாதான். வெப்பத்தை நன்றாகக் கடத்தி, மின்சாரத்தைக் கடத்தாமல் தடுக்கும் பொருள்கள் மிகக் குறைவு. இந்தத் தூள் இல்லாவிட்டால் தண்ணீரை இவ்வளவு பக்கத்தில் மின்சாரத்தோடு வைத்துச் சூடாக்கவே முடியாது.

கெட்டிலுக்கு உள்ளே தினம் தினம் படியும் வெள்ளையும் இதற்கு உறவுதான். போர் தண்ணீரை நம் ஊரில் உப்புத் தண்ணி என்பார்கள். அதில் கரைந்திருப்பது சமையலுப்பு மட்டும் அல்ல, கால்சியமும் மக்னீசியமும்கூட. பாறையிடையே ஊறிவரும்போது கரைந்தவை. அறிவியலில் இதற்குக் கடினநீர் என்று பெயர். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் பொதுவாகப் போர் தண்ணீரைவிட மென்மையானது.

கடினநீரைச் சூடாக்கும்போது அதிலிருந்து கரியமில வாயு பிரிகிறது. கரைந்திருந்தவை கரையாத கார்பனேட்டாகிச் சூடான தகட்டிலேயே படிகின்றன. சூடு பட்டால் வெள்ளை மக்னீசியப் பொருளிலிருந்து ஒரு காற்று பிரிகிறது என்று 1756-இல் சோதனை செய்து எழுதியவர் அதே ஜோசப் பிளாக். ‘நிலைத்த காற்று’ என்று அவர் அழைத்ததைத்தான் இன்று நாம் கரியமில வாயு என்கிறோம்.

படிவு மெலிதாக இருக்கும் வரை உடலுக்குக் கெடுதல் இல்லை. தடித்துவிட்டால் வெப்பம் தண்ணீருக்குப் போவதைத் தடுக்கும். தகடு வழக்கத்தைவிடச் சூடாகி, தண்ணீர் நிறைய இருக்கும்போதே அடியில் உள்ள அந்த இரண்டாவது வில்லை புரண்டு அணைத்துவிடும். கொதிக்காமலேயே கெட்டில் அடிக்கடி அணைகிறது என்றால் முதலில் அடித்தகட்டைப் பாருங்கள். இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றைக் கால் பங்கு தண்ணீரோடு ஊற்றி, சூடேற்றி அணைத்து, அரைமணி நேரம் விட்டால் கார்பனேட் குமிழ்விட்டுக் கரையும். கம்பி நாரால் தேய்த்தால் எவர்சில்வரின் மேல் கீறல்கள் விழுந்து அடுத்த படிவுக்கு நல்ல பிடிமானம் கிடைத்துவிடும்.

கடையில் நிற்கும்போது

எவர்சில்வர் விஷயத்தில் சூரமங்கலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை; கஞ்சமலை அடிவாரத்தில் இரும்பாலை இருக்கிறது. 1980-களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை. கெட்டிலின் உட்புறத்துக்கு 304 என்ற வகை நல்லது. அதில் நூற்றுக்குக் குரோமியம் சுமார் 18 பங்கு, நிக்கல் 8 பங்கு. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் போட்டுக்கொள்ளும்; நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான வகைகளில் உப்புத் தண்ணீர் சீக்கிரம் புள்ளி போட்டுவிடும். சுடுதண்ணீர் படும் உட்புறத்தில் பிளாஸ்டிக் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வாட்டைவிடப் பிளக்கை நான் முக்கியமாகப் பார்ப்பேன். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஃபேனுக்கும் செல்போனுக்கும் போட்டிருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் போடுகிற பவர் பிளக்கிலேயே கெட்டிலைச் செருக வேண்டும். மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் ஒயர்தான் முதலில் கொதிக்கும். மூன்றாவது முள், அதாவது எர்த், உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ரயிலில் இருக்கும் சார்ஜர் பாயிண்டில் கெட்டில் போடுவது தடைசெய்யப்பட்டது. சேலம் ஜங்ஷனில் ஏறும்போது பையில் கெட்டில் இருந்தாலும் அது பையிலேயே இருக்கட்டும். மின்கெட்டிலுக்கான இந்தியத் தரத்தின் எண் 367, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள்.

கொள்ளளவைவிடக் குறைந்தபட்ச அளவுக் கோடு முக்கியம். அந்தக் கோடு அரை லிட்டரில் இருந்தால், ஒரே ஒரு ஆளுக்கு டீ போடும்போதும் அரை லிட்டர் கொதிக்க வேண்டியிருக்கும்.

ஃபில்டரும் தூளும்

ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் முயற்சியால். அந்தக் காப்பிக்கொட்டையின் சாரம் இறங்க 92 முதல் 96 டிகிரி வரை தண்ணீர் ஏற்றது. கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான். ஆனால் அது காகித வடிகட்டிக்கும் கண்ணாடிக் குடுவைக்கும் பொருந்தும் அறிவுரை. நம் எவர்சில்வர் ஃபில்டரும் அதில் அமுக்கிய தூளும் ஊற்றிய உடனேயே தண்ணீரின் சூட்டில் சில டிகிரியை இழுத்துக்கொள்ளும். சூரமங்கலத்தில் கெட்டில் அணைந்ததும் அப்படியே ஊற்றலாம். ஏற்காட்டில் 95-லிருந்து இன்னும் இறங்கிவிடுமே என்றால், முதலில் காலி ஃபில்டரில் சுடுதண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, பிறகு தூள் போட்டு ஊற்ற வேண்டும்.

டீத்தூள் காப்பிக்கு நேர்மாறு. எவ்வளவு சூடு கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளும். அடுப்பில் தூளைக் கொதிக்கவிடும்போது 99 டிகிரி கடைசி வரை நிற்கிறது. கெட்டில் தண்ணீரைத் தூளின் மேல் ஊற்றினால் அந்த நொடியிலிருந்தே சூடு இறங்கத் தொடங்கும். கெட்டிலில் போட்ட டீ சப்பென்று இருக்கிறது என்ற புகாரின் காரணம் இதுதான், கெட்டிலின் குற்றம் அல்ல. கனமான பாத்திரத்தை முதலில் சூடாக்கி, தூள் போட்டு, தண்ணீர் ஊற்றியதும் தட்டுப் போட்டு மூடி நான்கு நிமிடம் விட்டால் டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும். மலைமேல் ஐந்தாறு நிமிடம். உப்புத் தண்ணீரில் போட்ட டீயின் மேல் மங்கலான ஓர் ஆடை மிதக்கும். கால்சியமும் டீயின் சாரமும் காற்றோடு சேர்ந்து கட்டும் படலம் அது. டீக்கு மட்டுமாவது மேட்டூர் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டால் ஆடை குறைந்து நிறமும் தெளிந்துவிடும். அந்த நான்கு நிமிடத்துக்குள் பக்கத்து அடுப்பில் அரை டம்ளர் பால் காய்ந்து பொங்கி வந்துவிடும்.